மேட்டு லயத்துப் பாட்டியும் 172.17.0.1-உம்

காலை நிகழ்ச்சியில் ஒரு நாள் புதிர்ப் போட்டி வைத்தோம். சரியான பதில் சொன்ன அம்மாவின் பெயரையும் ஊரையும் அறிவித்து, பரிசுக்கூடையை நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஊர் ராவாங். மறுநாள் வரவேற்பு மேசையில் இரண்டு அம்மாக்கள் வந்து நின்றார்கள். இருவருக்கும் ஒரே பெயர். இருவருக்கும் ராவாங். இருவருமே அன்று காலை எங்களுக்கு அழைத்தவர்கள்தாம். ஒருவர் பதில் சொன்னார், இன்னொருவர் காத்திருக்கும்போதே இணைப்பு அறுந்துவிட்டது. யார் எது என்று எங்கள் குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதில் பெயரும் ஊரும் மட்டுமே இருந்தன.

இரண்டு கூடை கொடுத்து அனுப்பினோம். அன்றிலிருந்து அழைப்பவரின் கைப்பேசி எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தையும் எழுதி வைக்கிறோம்.

இதை ஒரு குடும்ப விருந்தில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், என் சித்தப்பா மகனைத் தவிர. அவன் சைபர்ஜெயாவில் நெட்வர்க் பொறியாளர். எல்லாரும் எழுந்து போன பிறகு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, போன தீபாவளிக்கு முந்தின வாரம் எனக்கும் இதேதான் நடந்துச்சு. ஆனா வந்து நின்னது ரெண்டு அம்மா இல்ல, ரெண்டு ரவுட்டர்."

அந்தக் கதையை முழுதாகக் கேட்டு, புரியாத இடங்களில் அவனைப் படுத்தியெடுத்து, இரண்டு வாரம் நானும் படித்த பிறகு எழுதுவதுதான் இது. நான் படித்தது ஊடகத்துறை. கணினி நிரலைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும்.

ஒரு சனிக்கிழமை இரவு

தம்பி அப்போது பல கிளைகள் கொண்ட ஒரு நிறுவனத்தின் நெட்வர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைமையகம் பெட்டாலிங் ஜெயாவில், கிடங்கு கிள்ளானில். இரண்டு இடத்திலும் விலை உயர்ந்த ரவுட்டர் இல்லை. சாதாரணக் கணினியில் லினக்ஸ் போட்டு, அதில் எஃப்ஆர்ரவுட்டிங் என்ற இலவசத் திறந்தமூல மென்பொருளை ஓட்டி, அதையே ரவுட்டராக்கியிருந்தார்கள். இப்படிச் செய்வதில் குறைவொன்றும் இல்லை. உலகின் பெரிய தரவு மையங்களிலும் இதே மென்பொருள் ஓடுகிறது.

சனிக்கிழமை இரவு பாதுகாப்புப் புதுப்பிப்பு போட்டு இரண்டு கணினிகளையும் மறுபடி துவக்கினார்கள். வழக்கமான வேலை. இரண்டும் எழுந்தன. ஆனால் கிடங்குக்கும் தலைமையகத்துக்கும் பேச்சு நின்றுபோனது.

இணைப்பு அறுந்திருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். இணைப்போ நன்றாக இருந்தது. இங்கிருந்து தட்டினால் அங்கே கேட்டது, அங்கிருந்து தட்டினால் இங்கே கேட்டது. ஆனால் இரண்டு ரவுட்டர்களும் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பாதைத் தகவல் எதுவும் பரிமாறவில்லை. அவன் பார்த்த பதிவேட்டில் ஒரு பிழைச் செய்திகூட இல்லை.

கிடங்கு ஊழியர்களின் ஓவர்டைம் கணக்கு ஞாயிறு இரவுக்குள் தலைமையகத்துக்கு வந்தாக வேண்டும். வந்தால்தான் திங்கட்கிழமை சம்பளம். அடுத்த வாரம் தீபாவளி. "நான் கேபிளை மாத்தினேன், ஃபயர்வால பார்த்தேன், டனலை அழிச்சுட்டு திரும்பப் போட்டேன். விடியற்காலை நாலு மணி வரைக்கும் எதுவும் பிடிபடல. கிடங்கு மேலாளர் ஒரு அண்ணன். அவர் என்னைத் திட்டவே இல்ல அக்கா. நம்ம பசங்களுக்குத் துணிமணி வாங்கணும் தம்பின்னு மட்டும் சொன்னாரு. அது திட்டினதைவிட மோசமா இருந்துச்சு."

நாலரை மணிக்கு இரண்டு ரவுட்டர்களின் திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, இரண்டிலும் ஒரே கட்டளையைத் தட்டினான். முதல் வரியில் ரவுட்டரின் அடையாள எண் வரும். இடது பக்கம் 172.17.0.1. வலது பக்கமும் 172.17.0.1.

முகவரி போல இருக்கும், முகவரி இல்லை

ரவுட்டர் என்றால் நம் வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் பெட்டி என்றுதான் நமக்குத் தெரியும். தமிழில் திசைவி என்கிறார்கள், பொருத்தமான சொல். வீட்டுத் திசைவிக்கு வேலை குறைவு: எல்லாவற்றையும் ஒரே வாசல் வழியாக வெளியே தள்ளினால் போதும். நிறுவனங்களிலும் இணையச் சேவை நிறுவனங்களிலும் இருக்கும் ரவுட்டர்களுக்குப் பல வாசல்கள். எந்தத் தகவலை எந்த வாசல் வழியாக அனுப்புவது என்பதை அவை தங்களுக்குள் பேசித்தான் முடிவு செய்கின்றன.

அந்தப் பேச்சுக்கு இலக்கணம் உண்டு. ஒரு நிறுவனத்துக்குள் பேசிக்கொள்ள அதிகம் புழங்குவதில் ஒன்று ஓஎஸ்பிஎஃப். நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையில் பேசிக்கொள்வது பிஜிபி. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கிக் கிடந்தது நினைவிருக்கிறதா? அந்த நிறுவனத்தின் உள்கட்டமைப்பில் நடந்த பராமரிப்புப் பிழை, பிஜிபி அறிவிப்புகளே காணாமல் போவதில் போய் முடிந்தது. பாதை சொல்ல ஆள் இல்லை என்றால் கட்டடம் எவ்வளவு பெரியதானாலும் யாரும் உள்ளே வர முடியாது.

இந்தப் பேச்சில் ஒவ்வொரு ரவுட்டரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. "வணக்கம், யார் பேசுறீங்க, எங்கேருந்து?" என்று நான் தினமும் கேட்பது போலத்தான். அதற்குப் பதிலாக வருவது ரவுட்டர் அடையாள எண். 32 பிட் எண், ஏறக்குறைய 429 கோடி வாய்ப்புகள். எழுதும்போது ஐபி முகவரி போலவே நான்கு துண்டாகப் புள்ளி வைத்து எழுதுவார்கள். ஆனால் அது முகவரி அல்ல. அந்த எண்ணுக்குக் கடிதம் போட்டால் எங்கும் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது வெறும் பெயர். ஒரு நெட்வர்க்குக்குள் அந்தப் பெயர் இன்னொருவருக்கு இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

பின் ஏன் முகவரி போல இருக்கிறது? காரணம் சோம்பல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, நல்ல அர்த்தத்தில். ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஆள் உட்கார்ந்து பெயர் வைப்பதைவிட, அதனிடம் ஏற்கெனவே இருக்கும் முகவரிகளில் ஒன்றைப் பெயராக எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. முகவரிகள் எப்படியும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவைதானே? ஓஎஸ்பிஎஃப்பின் 1998-ஆம் ஆண்டு ஆவணமான ஆர்எஃப்சி 2328-உம் இதை ஒரு வழியாகச் சொல்கிறது: ரவுட்டரின் முகவரிகளில் மிகப் பெரியதையோ மிகச் சிறியதையோ எடுத்துக்கொள்ளலாம்.

பெரியதா, சிறியதா? அதை எழுதுபவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். விளைவு சுவாரஸ்யமானது. எஃப்ஆர்ரவுட்டிங் மிகப் பெரியதை எடுக்கிறது. அதற்கு இணையாகப் புகழ்பெற்ற இன்னொரு திறந்தமூல மென்பொருள் பேர்ட். பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கி, இன்று உலகின் பல இணையப் பரிமாற்ற நிலையங்களில் ஓடுவது. அது மிகச் சிறியதை எடுக்கிறது. இரண்டும் சரிதான்.

என் பாட்டியின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மேட்டு லயத்தில் குடியிருந்தார். தோட்டமே அவரை மேட்டு லயத்தம்மா என்றுதான் கூப்பிட்டது. பிறகு தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பாட்டி கிள்ளானில் நான்காவது மாடி ஃபிளாட்டுக்கு வந்தார். மேடும் இல்லை, லயமும் இல்லை. ஆனாலும் கடைசிவரை அவர் மேட்டு லயத்தம்மாதான். அவர் இறந்தபோது பத்திரிகையில் கொடுத்த அறிவிப்பில் முதலில் ஐசியில் இருந்த பெயரை மட்டும் போட்டோம். அப்பா பார்த்துவிட்டு, "இந்தப் பேர யாருக்குடா தெரியும்?" என்று அதட்டி, அடைப்புக்குறிக்குள் மேட்டு லயம் என்று சேர்க்கச் சொன்னார். நானூறு பேர் வந்தார்கள்.

முகவரியிலிருந்து பிறந்த பெயர், முகவரி போன பிறகும் நிற்கிறது. ரவுட்டருக்கும் அப்படித்தான் வேண்டும். வாசல் ஒன்று அடைபட்டதற்காக ரவுட்டர் தன் பெயரை மாற்றிக்கொண்டால், மற்ற ரவுட்டர்களின் கணக்கில் பழைய ஆள் செத்தார், முன்பின் தெரியாத புதிய ஆள் வந்தார் என்றாகிவிடும். ஓஎஸ்பிஎஃப்பில் பழைய பெயரில் சொன்ன செய்திகளை முறையாகத் திரும்பப் பெறாவிட்டால், அவை மற்றவர்களின் நினைவில் ஒரு மணி நேரம் வரை ஆவி மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும்.

எஃப்ஆர்ரவுட்டிங் நிரலில் ஓஎஸ்பிஎஃப் பகுதியில் இதற்கு ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. தம்பி எனக்குக் காட்டினான். அதன் சாரம் இது: நிர்வாகி கையால் எழுதிக்கொடுத்த எண் இருந்தால் அதுவே முதல் தேர்வு. இல்லையென்றால், இதுவரை இருந்த எண்ணையே பிடித்துக்கொள், ஏனென்றால் எண்ணை மாற்றுவது பெரிய தொந்தரவு. அதுவும் இல்லையென்றால்தான், பொது நிர்வாகி மென்பொருள் சொல்லும் எண்ணை எடு. எவரோ பட்ட அனுபவம் அந்த மூன்று வரியில் தெரிகிறது.

மூன்று மாதம் உறங்கிய பிழை

இப்போது தம்பியின் பிரச்சினைக்கு வருவோம். அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று மாதம் முன்பு, கணினிகளின் உடல்நிலையைக் கண்காணிக்க ஒரு கருவியை நிறுவியிருந்தார்கள். அது டாக்கர் என்ற மென்பொருளுக்குள் ஓடும். டாக்கர் நிறுவப்பட்டவுடன் தனக்கென்று உள்ளே ஒரு சிறு பாலம் போட்டுக்கொள்ளும். வேறு ஏதும் சொல்லாவிட்டால் அந்தப் பாலத்தின் முகவரி 172.17.0.1. உலகத்தில் எந்தக் கணினியில் நிறுவினாலும் அதே 172.17.0.1. அது வெளியே போகாத உள்வீட்டு முகவரி என்பதால் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில் கெடுதல் இல்லை. சமையலறை என்று எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது.

ஆனால் அந்த நிறுவனத்தின் சொந்த முகவரிகள் எல்லாம் 10 என்று தொடங்குபவை. மிகப் பெரிய முகவரியை எடு என்ற விதிக்கு 10-ஐவிட 172 பெரியது. நிறுவிய அன்றே தெரிந்திருந்தால் அன்றே பிடித்திருப்பார்கள். மேலே சொன்ன இரண்டாவது விதி காப்பாற்றிவிட்டது: ஓடிக்கொண்டிருந்த ரவுட்டர்கள் தங்கள் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பிடி ஓடும்வரைதான். மறுபடி துவக்கியபோது பழைய நினைவு இல்லை. இரண்டும் தத்தம் முகவரிப் பட்டியலைப் பார்த்தன, மிகப் பெரியதை எடுத்தன, ஒரே பெயரோடு எழுந்து நின்றன.

அப்புறம் நடந்ததைத்தான் வானொலிக்காரியான நான் உடனே புரிந்துகொண்டேன். நேரலையில் பேச வரும் நேயர் வீட்டில் வானொலியைச் சத்தமாக வைத்திருப்பார். அவர் குரலே சில விநாடி கழித்து அவருக்குத் திரும்பக் கேட்கும், குழம்பிப் பேச்சை நிறுத்திவிடுவார். "ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்கம்மா" என்று ஒரு நாளைக்கு நான்கு முறையாவது சொல்கிறேன். ரவுட்டருக்கும் தன் குரலின் எதிரொலி திரும்பி வரும் ஆபத்து உண்டு. அதனால் தன் அடையாள எண்ணோடு ஒரு வணக்கம் வந்தால், அது தன்னுடைய குரல்தான் என்று கருதிச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். கிள்ளானிலிருந்து வந்த வணக்கத்தைப் பெட்டாலிங் ஜெயா எதிரொலி என்று நினைத்தது. கிள்ளானும் அதையே நினைத்தது. இரண்டு பேரும் இரவு முழுக்க வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டும் நேரடி அண்டை வீடாக இல்லாமல், நடுவில் வேறு ரவுட்டர்கள் இருந்திருந்தால் சண்டையாகியிருக்கும். தன் பெயரில் தான் சொல்லாத செய்தி உலவுவதைக் கேட்கும் ரவுட்டர், அதைவிடப் புதிய வரிசை எண் போட்டு ஒரு மறுப்பு வெளியிடும். அந்த மறுப்பு மற்றவருக்குப் போகும். அவரும் தன் பெயரைக் காப்பாற்ற இன்னும் புதிய எண் போட்டு மறுப்பார். ஐந்து விநாடிக்கு ஒரு தடவைக்கு மேல் அதே செய்தியைப் புதுப்பிக்கக் கூடாது என்று விதி இருப்பதால் ஐந்து ஐந்து விநாடியாக இது நடக்கும், யாராவது வந்து நிறுத்தும்வரை. அதற்குள் நெட்வர்க்கில் இருக்கும் மற்ற எல்லா ரவுட்டர்களும் வரைபடத்தை அழித்து அழித்து வரைந்துகொண்டிருக்கும்.

தம்பி இரண்டு ரவுட்டர்களிலும் ஒவ்வொரு வரி எழுதினான். ஒன்றுக்கு 10.255.0.1, இன்னொன்றுக்கு 10.255.0.2. ஒரு நிமிடத்துக்குள் இரண்டும் கைகுலுக்கின. ஓவர்டைம் கணக்கு காலை ஐந்தே முக்காலுக்கு வந்து சேர்ந்தது.

"மென்பொருள்மேல தப்பில்ல அக்கா. அந்த ஒரு வரிய முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது நான்தான். கையேட்டுலயே போட்டிருக்கு, எண் கொடுக்கலன்னா பெரிய முகவரிய எடுத்துக்கும்னு."

திருத்தினால் என்ன?

என் கேள்வி எளிமையாக இருந்தது. நிரலில் டாக்கர் முகவரியைத் தவிர்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் முடிந்ததே, ஏன் யாரும் செய்யவில்லை?

தம்பி சிரித்தான். "எல்லாரும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க." இன்று டாக்கரைத் தவிர்த்தால் நாளை வேறொரு மென்பொருள் வேறொரு பாலத்தோடு வரும். சரி, விதியையே மாற்றி மிகச் சிறியதை எடுக்கச் சொல்லலாமா? இந்த விதியை நம்பி எண்ணே எழுதாமல் எத்தனை நெட்வர்க்குகள் பல ஆண்டுகளாக ஓடுகின்றனவோ, புதிய பதிப்பை நிறுவிய இரவில் அத்தனையிலும் எல்லா ரவுட்டர்களும் ஒரே நேரத்தில் பெயர் மாறும். ஒரு கிடங்கைக் காப்பாற்றப் போய் ஊரையே எழுப்பிவிடுவது மாதிரி.

இந்த இடத்தில்தான் இந்த வேலையின் மீது எனக்கு மரியாதை வந்தது. அடையாள எண்ணைத் தேர்ந்தெடுக்கும் அந்தக் கோப்பு சில நூறு வரிகள்தான். பழையது, யாரும் மேடை போட்டுப் பேசாதது. ஆனால் அதில் கை வைப்பவர், தனக்குத் தெரியாத எத்தனையோ இடங்களில் ஓடும் நெட்வர்க்குகளை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டியிருக்கிறது.

பழைய வரிகளை அப்படியே விட்டுவிடவும் முடியாது. உலகம் கீழே நகர்ந்துகொண்டே இருக்கிறது. முன்பு பிஜிபியில் இந்த எண் ஒரு செல்லுபடியாகும் ஐபிவி4 முகவரியாகவே இருக்க வேண்டும் என்று விதி. 2011-இல் ஆர்எஃப்சி 6286 அதைத் தளர்த்தியது: பூஜ்யமாக இல்லாமல், அந்த நிறுவனத்துக்குள் தனித்து இருந்தால் போதும். ஆக, எண் முகவரி போல இருக்கிறதா என்று சோதித்துத் தள்ளிய பழைய வரிகள் எல்லாம் ஒரே நாளில் பிழையாகிவிட்டன. அடுத்து ஐபிவி6. புதிய முகவரிகள் 128 பிட். ஆனால் ஐபிவி6-க்கான ஓஎஸ்பிஎஃப்பிலும் அடையாள எண் அதே பழைய 32 பிட். பழைய வகை முகவரியே இல்லாத கணினியில் எதிலிருந்து எடுப்பது? எடுக்க ஒன்றும் இல்லை, ஆள்தான் வைக்க வேண்டும். தோட்டத்தையே பார்க்காத பேரனுக்கு எந்த லயத்தின் பெயரை வைப்பீர்கள்?

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வகைப் பிழை. நம் பிறந்த நாளை நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். ஐசி எண்ணில் அது ஆண்டு, மாதம், நாள் என்று வருகிறது. 1980 ஜனவரி 31-இல் பிறந்தவருக்கு 800131. 1995 டிசம்பர் 5-இல் பிறந்தவருக்கு 951205. எண்ணாகப் பார்த்தால் இரண்டாமவருடையது பெரியது, அதாவது இளையவர். சரி. இதையே நாளை முன்னே வைத்து 310180, 051295 என்று எழுதி ஒப்பிட்டால் முதலாமவர் இளையவர் ஆகிவிடுவார். எண்கள் மாறவில்லை, வரிசை மட்டும் மாறியது.

கணினிகளுக்கும் இதே தொல்லை. நெட்வர்க்கில் எண்ணின் பெரிய பகுதி முதலில் போகும். நம் மேசையில் இருக்கும் கணினிகளில் பெரும்பாலானவை சிறிய பகுதியை முதலில் வைக்கும். ஒப்பிடும் முன் திருப்பிப் போட மறந்தால், 9.0.0.2 என்பது 10.0.0.1-ஐவிடப் பெரியதாகிவிடும். யார் பெரியவர் என்பது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. பிஜிபியில் இரண்டு ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் ஒன்றை ஒன்று அழைத்துவிட்டால், பெரிய எண்காரர் தொடங்கிய அழைப்பை வைத்துக்கொண்டு மற்றதை வெட்ட வேண்டும். ஒரு பக்கம் ஒரு கணக்கும் மறுபக்கம் வேறு கணக்கும் போட்டால் இரண்டு அழைப்பும் வெட்டுப்படும்.

இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும் விதம் அழகானது. 10.0.0.1, 10.0.0.2 என்று வைத்துச் சோதித்துப் பாருங்கள். நேராக வாசித்தாலும் திருப்பி வாசித்தாலும் இரண்டாவதுதான் பெரியது. சோதனை தேறிவிடும். எல்லாரும் சோதனைக்கு எழுதுவது இந்த மாதிரி எண்களைத்தான். பிழை உண்மையான ஒரு வாடிக்கையாளரின் உண்மையான எண்களுக்காகக் காத்திருக்கும்.

வரிக்குதிரையின் வம்சம்

இந்த மென்பொருளின் பூர்வீகம் ஜப்பான். 1996-இல் குனிஹிரோ இஷிகுரோ ஸீப்ரா என்ற பெயரில் தொடங்கினார். அது மெல்ல மெல்ல நின்றபோது வேறு சிலர் அதன் நகலை எடுத்து வளர்த்தார்கள். அதற்குக் குவாகா என்று பெயர் வைத்தார்கள். குவாகா என்பது தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு வகை வரிக்குதிரை, முன்பாதிக்கு மட்டும் கோடு உண்டு. கடைசிக் குவாகா 1883-இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சி சாலையில் இறந்தது. அழிந்துபோன விலங்கின் பெயரை வைத்தது என்ன நேரமோ, அந்தத் திட்டத்திலும் திருத்தங்கள் ஏற்கப்படாமல் தேங்கத் தொடங்கின. பொறுமை இழந்த பலர் மறுபடி நகலெடுத்தார்கள். 2017-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அறிமுகமான அதுதான் எஃப்ஆர்ரவுட்டிங்.

ஒரே எண்ணை இருவர் எடுத்துக்கொள்ளும் தொல்லை இதற்கும் நேர்ந்தது, வேறு உருவத்தில். 2019 ஜனவரியில் ஆய்வாளர்கள் சிலர் இணையத்தில் ஒரு பிஜிபி சோதனை நடத்தினார்கள். சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட 255 என்ற குறியெண்ணைப் போட்டு ஓர் அறிவிப்பு அனுப்பினார்கள், விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் எஃப்ஆர்ரவுட்டிங் அதே 255-ஐ உள்ளுக்குள் வேறொன்றுக்கு வைத்திருந்தது. அறிவிப்பு போய்ச் சேர்ந்த இடங்களில் அந்த ரவுட்டர்களின் தொடர்புகள் அறுந்தன. திருத்தம் விரைவில் வந்தது. அந்த மாதமே சோதனையை மறுபடி தொடங்கியபோது திருத்தத்தைப் போடாதவர்களுக்கு மறுபடி அறுந்தது. கடைசியில் சோதனையைக் கைவிட்டார்கள். திருத்தம் எழுதுவது பாதி வேலைதான், அதை நிறுவ வைப்பது மீதி.

அந்த இரவுக்குப் பிறகு தம்பி சும்மா இருக்கவில்லை. வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இந்த நிரலைப் படிக்கிறான். விதியை மாற்றாமல், ஒருவர் பெயரையும் மாற்றாமல் என்ன செய்யலாம் என்று யோசித்து ஒரு சிறு திருத்தம் எழுதியிருக்கிறான்: அடையாள எண் ஆளால் எழுதப்படாமல் தானாகத் தேர்ந்தெடுக்கப்பட்டால், எந்த வாசலின் முகவரியிலிருந்து வந்தது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைக்கும். அவ்வளவுதான். அன்று இரவு அந்த ஒரு வரி இருந்திருந்தால் நாலரை மணி வரை போயிருக்காது என்கிறான். பதினோரு வரி நிரல். அதைச் சோதிக்க, கணினிக்குள்ளேயே பொய் ரவுட்டர்கள் வைத்து ஒரு குட்டி நெட்வர்க் கட்டி எழுதிய சோதனை நிரல் நூற்று நாற்பது வரி.

ஏற்றுக்கொள்வார்களா என்று தெரியாது. அனுப்பினால் தானியங்கிச் சோதனைகள் ஓடும், பிறகு ஏற்கெனவே அங்கே வேலை செய்பவர்கள் வரி வரியாகக் கேள்வி கேட்பார்கள். முகம் தெரியாதவர்கள் முன் தன் எழுத்தை வைக்க அவனுக்குக் கூச்சம். நான் முதன்முதலில் ஒலிவாங்கி முன் உட்கார்ந்த நாளை நினைத்துக்கொண்டேன், ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வேறொரு கவலையில் இருந்தான். திருத்தம் அனுப்புபவர் இது என் எழுத்துதான், பகிர எனக்கு உரிமை உண்டு என்று கடைசியில் தன் பெயரைக் கையொப்பமாக இட வேண்டுமாம்.

"ஐசியில இருக்கிற மாதிரி அப்பா பேரோட, நடுவுல அந்த சாய்வுக்கோடு எல்லாம் போடணுமா அக்கா? இல்ல என் பேர் மட்டும் போதுமா? கோட்டைப் பார்த்து அவங்க நிரல் ஏதாவது குழம்பிடப் போகுது."

"எல்லாரும் உன்னை எப்படிக் கூப்பிடுறாங்களோ அப்படிப் போடு" என்றேன்.

தலைப்பு வரியின் முதல் சொல்லை ஏற்கெனவே தட்டியிருந்தான். எந்தப் பகுதியைத் திருத்துகிறோமோ அந்தப் பகுதியின் பெயரில்தான் தலைப்பு தொடங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அடையாள எண்ணைத் தேர்ந்தெடுக்கும் அந்தப் பகுதிக்கு, இரண்டு முறை கைமாறி, பெயர் மாறி, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் ஸீப்ரா என்றுதான் பெயர். அதற்குப் பக்கத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. சித்தி சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்.